18 அடி அலுமினியப் படகுக்கு மின்சார டவுன்ரிகர்: எதை வாங்குவது, எங்கே பூட்டுவது?

ஏஜாக்ஸ்_தூண்டில்:
வணக்கம். போன வருடம் பாவித்த 18 அடி அலுமினியப் படகு ஒன்று வாங்கினேன். பின்னால் 90 குதிரைவலு எஞ்சின், பக்கத்தில் 9.9 கிக்கர் (மெதுவாக ஓட்டும் சின்ன எஞ்சின்). ஒன்ராறியோ ஏரியில், விட்பியில் இறக்குவோம், சில நாள் பிக்கரிங் பிரெஞ்ச்மன்ஸ் பே. வழமையாக நானும் மச்சானும்தான். பிள்ளைகளும் வந்தால் நாலு பேர்.

வசந்தத்தில் மீன் மேலே நிற்கும்போது பிரச்சினை இல்லை. ஜூலை, ஆகஸ்ட்டில் சினூக் சால்மன் 60, 80 அடிக்குக் கீழே போனபிறகு டிப்சியை (நூலைக் கீழே இழுக்கும் தட்டு) மட்டும் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. குண்டைக் கட்டித் தூண்டில் நூலை ஆழத்துக்கு இறக்கும் மின்சார டவுன்ரிகர் இரண்டு போடலாம் என்று பார்த்தால் ஸ்காட்டி, கேனன், பிக் ஜான், வாக்கர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பூம் (வெளியே நீட்டும் கை) குட்டையா நீளமா, குண்டைத் தாங்கக் கம்பியா பின்னல் நூலா, பற்றரி தனியாக வேண்டுமா என்பதும் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். படகோடு பழைய மின்சார டவுன்ரிகர் ஒன்று வந்தது. 10 றாத்தல் குண்டைக் கீழே விடும்போது ஒன்றுமில்லை. மேலே எடுக்கும்போது முக்குகிறது, பாதி வழியில் பிரேக்கர் விழுந்துவிடும். கரையில் குண்டில்லாமல் சுற்றினால் நன்றாகச் சுற்றும். பெரிய எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக இரண்டு வாங்கவா?

பழைய_டெக்:
மின்சாரம் எதற்குத் தம்பி? ஒரு மின்சார மெஷினின் காசுக்குக் கையால் சுற்றுவது இரண்டு வாங்கி மிச்சத்துக்கு ஸ்பூனும் வாங்கலாம். வயர், பிரேக்கர், பற்றரி என்ற தலையிடியும் இல்லை. நான் ப்ளஃபர்ஸ் பார்க்கிலிருந்து கைச்சுற்றோடுதான் கனகாலம் ஓடினேன்.

பன்னிரண்டு_வோல்ட்:
அண்ணை சொல்வது தனியாக ஆறுதலாகப் பிடிப்பவருக்குச் சரி. இரண்டு பேர் படகில் நிற்கிறீர்கள், 20 றாத்தல் மீன் ஒன்று ஓடுகிறது என்று வையுங்கள். ஒருவர் தூண்டிலோடு, மற்றவர் சுக்கான் பிடிக்க வேண்டும், மற்றக் குண்டை மேலே எடுக்க வேண்டும், வலையும் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம் என்பதற்குத்தான் இந்தக் காசு. குண்டு தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் தானாக நிற்கும் வசதி இல்லாத மின்சார மெஷினை வாங்கவே வேண்டாம். நிற்காவிட்டால் குண்டு பூம் நுனியில் போய் இடிக்கும்.

பழைய மெஷினை எறியாதீர்கள். “எஞ்சின் ஓடினால் பரவாயில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 14 வோல்ட்டுக்குக் கிட்ட நிற்கும், அதனால் மோட்டருக்கும் கொஞ்சம் கூடப் போகிறது. மோட்டரை விட வயரில்தான் எனக்குச் சந்தேகம்.

ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். குண்டைத் தண்ணீருக்குள் விட்டு மேலே எடுக்கும்போது, மோட்டர் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, பற்றரி முனையில் ஒரு தடவையும் டவுன்ரிகர் பிளக்கில் ஒரு தடவையும் அளந்து எழுதுங்கள். சும்மா நிற்கும்போது அளந்து பிரயோசனம் இல்லை, எல்லா இடமும் 12.6 காட்டும்.

ஏஜாக்ஸ்_தூண்டில்:
அளந்தேன். மேலே எடுக்கும்போது பற்றரியில் 12.4, பிளக்கில் 9.9. வயரின் தோலில் 16 கேஜ் என்று அச்சிட்டிருக்கிறது. பின் மூலையிலிருந்து முன்னால் சுக்கான் இருக்கும் கொன்சோல் வரை போய், அங்கேயிருந்து திரும்பிப் பற்றரிக்கு வருகிறது. பிளக்கைத் திறந்தால் ஒரு முனை பச்சை பூத்திருந்தது, பக்கத்துப் பிளாஸ்டிக் சற்று உருகினமாதிரி மஞ்சளடித்துக் கிடந்தது. பிரேக்கர் 20 அம்பியர். அதை 30 ஆக்கினால் விழாதா?

பன்னிரண்டு_வோல்ட்:
விழாது, வயர் எரியும். அந்த வயரை வைத்துக்கொண்டு பிரேக்கரைத் தொடவே வேண்டாம்.

கணக்கு இதுதான். 16 கேஜ் செப்பு வயர் ஓர் அடிக்கு ஏறக்குறைய 4 மில்லி ஓம். கொன்சோல் சுற்றி 15 அடி என்றால் போகவர 30 அடி, 0.12 ஓம். பாரத்தோடு 20 அம்பியர் இழுத்தால் 2.4 வோல்ட் வயரிலேயே போய்விடும். நீங்கள் அளந்ததும் 2.5. பச்சை பூத்த முனை மிச்சத்தைத் தின்றிருக்கும். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்; 10 கேஜ் போட்டால் அடிக்கு 1 மில்லி ஓம்தான். அதே தூரத்துக்கு 0.6 வோல்ட். கொன்சோலைச் சுற்றாமல் பற்றரியிலிருந்து நேராக இழுத்தால் அதிலும் பாதி.

9.9 வோல்ட்டில் மோட்டர் மெதுவாகச் சுற்றும், அதே பாரத்தைக் கூட நேரம் தாங்கும். பிரேக்கருக்குள் இருக்கும் தகடு சூட்டில் வளைந்துதான் விழுகிறது, நேரம் நீள நீள அதற்கும் சூடு ஏறும். கரையில் குண்டில்லாமல் ஓடும்போது இழுக்கும் மின்னோட்டம் கொஞ்சம், அதனால்தான் அப்போது ஒன்றும் தெரிவதில்லை.

வெள்ளீயம் பூசிய மரைன் வயர் 10 கேஜில் எடுங்கள். இரண்டு டவுன்ரிகருக்கும் தனித்தனி வயர், தனித்தனிப் பிரேக்கர், பிரேக்கர் பற்றரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எத்தனை அம்பியர் என்பது மெஷினின் கையேட்டில் இருக்கும். 30 என்றுதான் அநேகமாக இருக்கும், 10 கேஜ் அதைத் தாங்கும். முனைகளைக் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாயால் மூடுங்கள்.

பற்றரியைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். சந்தையில் பிரபலமான மெஷின்கள் நிமிடத்துக்கு 250 அடிக்குக் கிட்ட இழுக்கும். 80 அடிக்கு 20 செக்கன் கூட இல்லை. 20 அம்பியரில் 20 செக்கன் என்றால் 0.11 அம்பியர்-மணி. ஒரு நாளைக்கு 50 தடவை எடுத்தாலும் 6 கூட வராது. மீன்காட்டித் திரைதான் நாள் முழுக்கக் குடிப்பது. ஸ்டார்ட் பற்றரியைத் தனியாக விட்டு, மிச்சம் எல்லாவற்றையும் ஒரு டீப் சைக்கிள் பற்றரியில் போடுங்கள். கிக்கர் தரும் சார்ஜ் கொஞ்சம்தான், அதை நம்பி இருக்காதீர்கள்.

பழைய_டெக்:
சரி, வயர்க்காரர் வயரை முடித்துவிட்டார். கைச்சுற்றுப் பேச்சை விடுகிறேன், பூட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு மின்சாரம் கைச்சுற்று என்ற பேதம் இல்லை.

உங்கள் படகின் விளிம்பு மெல்லிய அலுமினியம். 12 றாத்தல் குண்டு 4 அடிப் பூமின் நுனியில் தொங்கினால் அடித்தளத்தில் 48 அடி-றாத்தல் திருப்புவிசை. அது படகு அசையாமல் நிற்கும்போது. அலையில் தூக்கிப் போடும்போது இன்னும் கூடும். தகட்டில் நாலு துளை போட்டு ஸ்குரூ அடித்து வைத்தால் ஒரு பருவத்துக்குள் துளை நீள்வட்டமாகிவிடும். கீழே தடித்த தகடு வைத்து, ஊடுருவும் போல்ட்டும் நைலொக் நட்டும் போட வேண்டும். உங்கள் படகின் விளிம்பிலேயே சேர்த்துச் செய்த தண்டவாளம் இருக்கிறதா பாருங்கள். லண்ட், டிராக்கர் படகுகளில் இருக்கும். இருந்தால் அதற்கென்றே செய்த அடித்தளம் விற்கிறது, ஒரு துளையும் போட வேண்டாம், முன்பின் நகர்த்தவும் செய்யலாம்.

சுழலும் அடித்தளம் கட்டாயம். கரையணையும்போதும் டிரெய்லரில் ஏற்றும்போதும் பூமை உள்ளே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் படகுக்காரனோடு கதைக்க வேண்டி வரும்.

பூம் நீளம்: இரண்டே இரண்டு போடுவதால் பின் மூலைக்குச் சற்று முன்னால் இரு பக்கமும் வெளியே நீட்டி வைப்பீர்கள். நீட்டிச் சுருக்கும் பூம் எடுங்கள். நீளமாக இருந்தால் இரண்டு கம்பிக்கும் இடையில் அகலம் கிடைக்கும், திரும்பும்போது உள்பக்கக் கம்பி கிக்கர் விசிறிக்குக் கிட்ட வராது. ஆனால் 5 அடிக்கு வெளியே இருக்கும், தூண்டில் நூலைப் பிடிக்கும் கிளிப்பைக் கையால் எட்ட முடியாது. எட்டிப் பிடிக்கப் பார்க்கிறவர்தான் தண்ணீருக்குள் விழுகிறவர். பூமில் ஒரு சின்ன வளையத்தில் கயிறு போட்டு, கம்பியைக் கிட்ட இழுத்துக்கொள்ளும் பொறி இருக்கிறது, விலை பெரிதில்லை. குண்டைக் கையால் பிடித்துவிட்டுத்தான் கிளிப்பைத் தொட வேண்டும். ஆடும் குண்டு அலுமினியத்தில் இடித்தால் அந்தக் குழி படகை விற்கும் வரைக்கும் உங்களோடு இருக்கும்.

கிளட்ச்சை இறுக்கிப் பூட்டிவிடாதீர்கள். குண்டு அடியில் கொளுவினால் கம்பி வழுக்கி வெளியே போக வேண்டும். ஒரு நல்ல கம்பி வெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பெட்டிக்குள் அல்ல.

தீவான்_பிசி:
நான் வான்கூவர் தீவில் இருக்கிறேன், பெயரைப் பார்த்துப் புங்குடுதீவு என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்டி எங்கள் பக்கத்துத் தயாரிப்பு, அதனால் எனக்குப் பக்கச்சார்பு உண்டு. கப்பி, பிரஷ், பூம் எல்லாம் கனடாவில் எந்த மீன்பிடிக் கடையிலும் தனியாகக் கிடைக்கும், வீட்டு மேசையிலேயே கழற்றிப் பூட்டலாம். கேனனின் பெரிய மாடல்கள் ஹம்மின்பேர்ட் திரையோடு சேர்ந்து ஏரியடியைப் பின்தொடர்ந்து தானாக ஏறியிறங்கும். அடி மேடும் பள்ளமுமாக இருக்கும் இடத்தில் அடியோடு ஒட்டிப் பிடிப்பவருக்கு அது வரம். உங்கள் பக்கம் கோடையில் 150 அடிக்கு மேல் தண்ணீரில், நடு ஆழத்தில் நிற்கும் மீனைத்தானே துரத்துகிறீர்கள்? அதற்காக அவ்வளவு காசு போட மாட்டேன்.

இங்கே கடலில் கம்பியில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று தனிச் சண்டையே நடக்கும். சால்மன் அதை உணரும் என்று அதற்கென்று பெட்டியெல்லாம் வாங்குவார்கள். நன்னீரில் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

ஏஜாக்ஸ்_தூண்டில்:
நன்றி எல்லோருக்கும். படகில் தண்டவாளம் இருக்கிறது, இதுவரை அது அலங்காரம் என்று நினைத்தேன். கம்பியா நூலா என்பதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே?

பன்னிரண்டு_வோல்ட்:
நான் கம்பி. 150 றாத்தல் ஸ்டெயின்லெஸ். காரணம் நீர்த்தெள்ளு.

ஒன்ராறியோ ஏரியில் 1998 இலிருந்து தூண்டில்முள் நீர்த்தெள்ளு என்ற சின்ன நீர்ப்பூச்சி இருக்கிறது. கோடையில் அது நூலில் பஞ்சுபோலத் திரளும். பின்னல் நூலிலும் பிடிக்கும், கம்பியிலும் பிடிக்கும், ஆனால் கம்பியை ஒரு துணியால் வழித்தால் போய்விடும். நூலில் இழைக்குள் மாட்டிக்கொள்ளும், கப்பியில் சேறுபோல அப்பும். தூண்டில் நூலுக்கும் இதே தொல்லைதான். 30 றாத்தலுக்கு மேல் தடித்த மோனோ (ஒற்றையிழை நூல்) போட்டால் குறையும்.

நூல் விரும்பிகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கம்பி ஓடும்போது ரீங்காரம் போடும், முறுகினால் அந்த இடத்தில் அறும், பிசிறு கையைக் கிழிக்கும். நூலுக்கு அது இல்லை. ஆனால் சில மெஷின்கள் கம்பி தண்ணீரைத் தொடுவதை மின்சாரத்தால் உணர்ந்துதான் தானாக நிற்கின்றன. அவற்றில் நூல் போட்டால் அந்த வசதி போய்விடும். மாற்றுவதற்கு முன் கையேட்டைப் பாருங்கள்.

பழைய_டெக்:
குண்டு 12 றாத்தல் எடுங்கள், 10 காணாது. மணிக்கு 2.5 மைலில் இழுக்கும்போது குண்டு பின்னால் தள்ளுப்படும். எண்காட்டி 100 என்று சொன்னாலும் குண்டு 100 இல் இல்லை. மிச்சக் காசு இருந்தால் இன்னும் விலையான டவுன்ரிகரில் போடாமல் ஃபிஷ் ஹோக் போன்ற வெப்பமும் வேகமும் காட்டும் கருவியில் போடுங்கள். குண்டின் ஆழத்தில் என்ன வெப்பம், என்ன வேகம் என்று சோனாரால் மேலே அனுப்பும். சினூக் 10, 12 பாகைத் தண்ணீரைத் தேடி நிற்கும். மேற்குக் காற்று இரண்டு நாள் அடித்தால் நம்முடைய வடகரையில் சூடான மேல்தண்ணீர் தெற்கே தள்ளுப்பட்டு அடித்தண்ணீர் மேலே வந்துவிடும். நேற்று 90 அடியில் நின்ற மீன் இன்று 35 இல் நிற்கும். அப்போது எந்த மெஷின் பூட்டியிருக்கிறீர்கள் என்பதில் ஒன்றுமில்லை, எத்தனை அடியில் விடுவது என்பதில்தான் எல்லாம்.

நீங்கள் இரண்டு பேர், படகிலிருந்து ஆளுக்கு இரண்டு தூண்டில் என்றால் நாலு. இரண்டு டவுன்ரிகரில், இரண்டு டிப்சியில். டிப்சியை விட்டுவிடாதீர்கள்.

ஏஜாக்ஸ்_தூண்டில்:
10 கேஜ் வயர், புதுப் பிளக், 30 பிரேக்கர் எல்லாம் போட்டாயிற்று. பாரத்தோடு பிளக்கில் 11.9. 12 றாத்தல் குண்டை எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் இழுக்கிறது. அப்போ புதிதாக ஒன்றுதான் வாங்குவேன், மிச்சம் வெப்பக் கருவிக்கு. பழையது ஒரு நிறுவனம், புதியது வேறு என்றால் ஒரே அடித்தளத்தில் மாற்றிமாற்றிப் பூட்டலாமா?

பன்னிரண்டு_வோல்ட்:
முடியாது, துளை அமைப்பு வேறு. தண்டவாளம் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் அடித்தளத்தை வாங்கி இரண்டு பக்கமும் நிரந்தரமாக விடுங்கள். பிளக்கும் வேறாக இருக்கும். ஒரேமாதிரி இருக்க வேண்டும் என்று புதியதின் பிளக்கை வெட்டினால் உத்தரவாதத்தைப் பற்றி முதலில் கடையில் கேளுங்கள், கறுப்பையும் சிவப்பையும் குறித்து வையுங்கள். மாறிப் பூட்டினால் சிலவற்றில் உள்ளே இருக்கும் போர்டே போய்விடும்.