‘ரெட் ஹெர்ரிங்’குக்கு ஒரு சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

திருநகர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் நடத்தும் குற்றக்கதை, அறிவியல் புனைகதைப் போட்டிக்கு நடுவர்களுக்கான மதிப்பெண் தாளைத் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். முடிச்சு, துப்பு, திருப்பம் வரை வந்துவிட்டேன். ‘ரெட் ஹெர்ரிங்’கில் (நேர்ப்பொருள்: சிவந்த ஹெர்ரிங் மீன்) நின்றுவிட்டது. உண்மைக் குற்றவாளியை விட்டு வாசகரின் சந்தேகத்தை வேறு பக்கம் ஓட்டும் உத்தி. வெள்ளிக்கிழமை மேலக்கோபுரத் தெருவில் நகலெடுக்கக் கொடுக்கிறேன்.

உசிலை:
செங்கருவாடு! கோவிச்சுக்காதீங்கக்கா. ‘பொய்த்துப்பு’ன்னு போட்டு முடிங்க.

மேலூர்:
தம்பி, துப்பு என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகக் கிள்ளி எடுக்க முடியாது. ‘துப்பார்க்கு’க் குறளில் அது உணவு. பழம்பாடல்களில் வலிமை, பவளமும் அதுவே. ‘துப்புக்கெட்ட பயல்’ என்று நம் பக்கம் வைவது வலிமைப் பொருளில்தான் என்பது என் எண்ணம். பொய்த்துப்பு என்றால் போலிப் பவளம் விற்பவன் நினைவுதான் எனக்கு வரும்.

சொல் நம் வாசலிலேயே கிடக்கிறது: நரிப்பரி. வாதவூரர், அதாவது மாணிக்கவாசகர் பொருட்டு நரிகள் குதிரைகளாக வந்தன, பாண்டியன் நம்பினான், இரவில் ஊளையிட்டன. ‘நரியாகிய பரி’, இருபெயரொட்டு. ஆகவே ப் மிகும். மிகாமல் எழுதினால் நரியும் பரியும் என்று உம்மைத்தொகையாகிவிடும்.

உசிலை:
திருவாதவூர் ஐயா வீட்டுப் பக்கம்ங்கிறதால வந்த சொல் இது. எங்க பசங்க ஏதோ தின்பண்டம்னு நினைப்பாங்க.

வாடிப்பட்டி:
ஆங்கிலச் சொல்லின் கதையைப் பாருங்கள். 1807-இல் ஆங்கில இதழாளர் வில்லியம் காபெட் தன் இதழில், சிறுவயதில் புகைபோட்ட மீனை இழுத்துச் சென்று முயலைத் துரத்திய வேட்டைநாய்களைத் திசைதிருப்பியதாக எழுதினார். அங்கே பொய் என்று எதுவுமில்லை. மீன் இருந்தது, நாற்றமும் இருந்தது. அது முயல் போன தடம் இல்லை, அவ்வளவுதான். ஆகவே ‘பொய்’ வேண்டாம். ‘மாயமான்’ என்றால் எல்லோருக்கும் புரியுமே?

திருநகர்:
புரியும், ஆனால் பொருந்தாது. மாரீசன் ஏமாற்றவென்றே மான் உருவில் வந்தவன். நல்ல கதையில் சந்தேகத்துக்கு ஆளாகிறவர் யாரையும் ஏமாற்ற வருவதில்லை.

திருவிளையாடலில் பழியஞ்சின படலம் நினைவிருக்கிறதா? ஆலமரத்தடியில் மனைவியை விட்டுவிட்டு அந்தணர் தண்ணீர் எடுக்கப் போகிறார். எப்போதோ மரத்தில் தைத்திருந்த அம்பு காற்றில் உதிர்ந்து அவள்மேல் பாய்கிறது. மரத்தின் மறுபக்கம் வில்லோடு ஒரு வேடன். பிடிபட்டவன் எவ்வளவு கேட்டும் தான் கொல்லவில்லை என்றே சொல்கிறான். அவன் ஏன் அங்கே நின்றான்? நிழலுக்கு. இந்த ஒரு சொல்லில்தான் கதை நிற்கிறது. போட்டிக்கு வந்த கதைகளில் பாதியில் சந்தேகத்துக்குரிய ஆள் நள்ளிரவில் கத்தியோடு உலாவுகிறான். ஏன் என்று கடைசிவரை ஆசிரியர் சொல்வதில்லை. அதற்குத்தான் மதிப்பெண்ணைக் குறைக்க ஒரு கட்டம் கேட்கிறேன்.

வாடிப்பட்டி:
அருமை அக்கா. ஆனால் அந்தப் படலம் போட்டிக்கு வந்தால் தோற்கும். உண்மை வெளிவருவது எமதூதர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு. 1929-இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளில் தெய்வச் செயலுக்கு இடமில்லை. அதுவரை கண்டறியப்படாத விஷத்துக்கும், கடைசியில் நீளமான அறிவியல் விளக்கம் கேட்கும் கருவிக்கும் தடை.

அறிவியல் கதையில் சிக்கலே அங்குதான். அறிவியல் கதையில் துப்பறிவு நடக்காது என்று பதிப்பாசிரியர் ஜான் கேம்ப்பெல் சொன்னதை மறுக்கத்தான் அறிவியல் கதை எழுத்தாளர் அசிமோவ் 1950-களில் அப்படி ஒரு நாவலே எழுதினார். அந்த உலகில் எது நடக்கும், எது நடக்காது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எதைச் சந்தேகிப்பது என்றே வாசகருக்குத் தெரியாது. எல்லாமே ஹெர்ரிங்தான்.

மேலூர்:
எமதூதரைக் குறைசொல்வது இருக்கட்டும். ‘கவர்தடம்’ எப்படி? கவர் என்றால் கிளைத்துப் பிரிவது; கவர்வழி, கவர்பொருள் காண்க. ஈர்ப்பதும் கவர்வதே. வினைத்தொகையாகக் கொண்டால் வலி மிகாது. கவர்ந்த தடம், கவர்கின்ற தடம், கவரும் தடம். மூன்று காலமும் கொள்ளும்.

உசிலை:
ஐயா, ‘கவர்’னா இந்தக் காலத்துல தபால் உறை. இல்லேன்னா உறைக்குள்ள வச்சுக் குடுக்கிறது. குற்றக்கதைத் தாள்ல ‘கவர்’னு பாத்தா லஞ்சக் கேஸ்னு நினைப்பாங்க.

வாடிப்பட்டி:
சொல்லின் குற்றமா அது? பத்து வருடம் புழங்கினால் பழகிவிடும்.

உசிலை:
வெள்ளிக்கிழமைக்குள்ள பத்து வருஷமா?

திருநகர்:
வியாழன் இரவு பதினொன்று. இதுவரை: பொய்த்தடம் (பொய்த்துப்பில் ‘துப்பு’க்குப் பதில் ‘தடம்’) 4, கவர்தடம் 2, மாயமான் 1, நரிப்பரி 1. தடம் பொய்யில்லை என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் நடுவர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்காத சொல் அதுதான். ‘பொய்த்தடம்’ என்றே அடித்துவிட்டேன். பக்கத்தில் ஒரு வரி: ‘சந்தேகிக்கப்பட்டவர் அங்கே இருந்ததற்குத் தனிக் காரணம் உண்டா? 10 மதிப்பெண்.’

மேலூர்:
என் மறுப்பைக் குழுவில் பதிவு செய்கிறேன். தாளில் ‘த்’ விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா. நகலெடுக்கும் கடைக்காரர் அதைத்தான் முதலில் விழுங்குவார்.