சம்புக்கு அடியில் ஜாக்கி வைக்கலாமா? (மாருதி 800 இன்ஜின் மவுண்டிங் விவகாரம்)

பழைய_ஸ்பேனர்:
பக்கத்து இழையில் ஞாயிறு_கராஜ் எழுதியிருப்பதை ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன்: "இன்ஜின் மவுண்டிங் மாற்ற மெக்கானிக் எதுக்கு? சம்புக்கு அடியில ஒரு மரக்கட்டை, அதுக்கு அடியில ஜாக்கி. அரை மணி நேர வேலை."

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இதை நம்பி எத்தனை பேர் சம்பை நசுக்கப் போகிறார்களோ. 800-இன் சம்ப், அதாவது இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி, தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது. ஆயிலைத் தாங்கத்தான் அது, இன்ஜினைத் தாங்க அல்ல. தொட்டியின் அடிக்குச் சற்று மேலே ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னர் (ஆயிலை உறிஞ்சும் வாயில் உள்ள வலை) நிற்கிறது. தகடு உள்ளே ஒடுங்கினால் ஸ்ட்ரெய்னரின் வாய் அடைபடும், ஆயில் பிரஷர் விழும், பேரிங் தேயும். மவுண்டிங் என்பது இன்ஜினை பாடியோடு பிடித்து அதிர்வை வாங்கும் ரப்பர் துண்டு. அதை மாற்றப் போய் இன்ஜினையே இறக்க வேண்டி வரும்.

ஞாயிறு_கராஜ்:
மரக்கட்டைன்னு எழுதியிருக்கேன். அதைப் படிக்காமலே பதில் போட்டாச்சு. அகலமான கட்டை வெச்சா பாரம் பரவிடும். இன்ஜினை அந்தரத்துல தூக்கச் சொல்லலையே? போல்ட் இறுக்கம் விடுற அளவுக்கு ஒரு நூல் தூக்கினா போதும். கழற்றாத மவுண்டிங் எல்லாம் மிச்ச பாரத்தைத் தாங்கிட்டுத்தான் இருக்கும். என் வண்டி 2004 மாடல் 800. இப்படித்தான் மாத்தினேன், இன்னைக்கும் ஆபீஸ் போய் வருது. சம்ப்ல ஒரு கீறல் கிடையாது.

பழைய_ஸ்பேனர்:
கீறல் வெளியே தெரியும். ஒடுங்கினது உள்ளே எவ்வளவு என்று சம்பை இறக்கிப் பார்த்தீர்களா? இல்லையென்றால் "ஒன்றும் ஆகவில்லை" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பாரம் பரவ வேண்டுமானால் அடி தட்டையாக இருக்க வேண்டும். ஆயில் வடிக்கிற போல்ட் துருத்திக்கொண்டு நிற்கிற இடத்தில் கட்டை உட்கார்ந்தால் பாரம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில்தான் இறங்கும். ஜாக்கி வைத்தே தீர வேண்டுமா? கியர் பாக்ஸ் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) வார்ப்பு அலுமினியம், அதற்கு அடியில் கட்டையோடு வையுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் மேலிருந்து தொங்கவிடுங்கள். தூக்குவதற்கென்றே இன்ஜினில் கொக்கி இருக்கிறது.

டார்க்_ரெஞ்ச்:
இரண்டு பேரும் எந்தப் பக்க மவுண்டிங்கைப் பற்றிப் பேசுகிறீர்கள்? கியர் பாக்ஸ் பக்கமா, டைமிங் பெல்ட் பக்கமா? அதைப் பொறுத்துத்தானே முட்டுக் கொடுக்கும் இடம் மாறும்? தகர சம்புக்கும் வார்ப்பு அலுமினிய சம்புக்கும்கூட ஒரே விதி கிடையாது. முதலில் இதை முடிவு செய்துகொண்டு சண்டை போடலாமே.

ஞாயிறு_கராஜ்:
மேலிருந்து தொங்கவிடணுமாம்! வீட்டுல யார்கிட்ட சார் இன்ஜினைத் தூக்குற செயின் பிளாக் இருக்கு? வாடகை வீட்டு போர்டிகோவுல கொக்கி அடிச்சா ஓனர் சும்மா விடுவாரா? ஒர்க்‌ஷாப் வசதியை மனசுல வெச்சுக்கிட்டு வீட்டுல வேலை பாக்குறவனுக்குப் பாடம் எடுக்காதீங்க. சம்புக்கு அடியில கட்டை வெச்சுத்தான் ஊர்ல பாதி மெக்கானிக் செய்றாங்க. போய்ப் பாருங்க.

பழைய_ஸ்பேனர்:
பாதி மெக்கானிக் செய்வதால்தான் பாதி வண்டியின் சம்ப் ஒடுங்கிக் கிடக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் பழைய சம்ப் அடுக்கி வைத்திருக்கும் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள் தம்பி.

ஞாயிறு_கராஜ்:
தம்பியா? வயசு தெரியாம தம்பி கிம்பின்னு பேச வேண்டாம். போன வருஷம் ரேடியேட்டர் இழையிலும் இதே தோரணைதான். கூலன்ட் கலக்காம போர்வெல் தண்ணி ஊத்தலாம்னு வந்தவருக்கு "ஆபத்துக்குப் பாவமில்லை"ன்னு ஆமாம் போட்டவர் நீங்கதானே? உப்புப் படிஞ்சு ரேடியேட்டர் அடைக்கும்போது கவலைப்படாதவருக்கு சம்ப் மேல மட்டும் என்ன பாசம்?

பழைய_ஸ்பேனர்:
நடுவழியில் கொதித்து நின்ற வண்டியை, ஆறவைத்த பிறகு வீடு சேர்க்கச் சொன்னது அது. முழுப் பதிலையும் எடுத்துப் போடுங்கள். பாதியை வெட்டி ஒட்டுவது உங்களுக்குப் பழக்கம்.

யாழ்_ஏ40:
அண்ணைமார், எங்கட வீட்டில ஒஸ்ரின் ஏ40 நிக்குது. தொண்ணூறுகளில பெற்றோல் வராத காலம் மண்ணெண்ணெயில ஓடின கார். மவுண்ட் மாத்தேக்க அப்பா சம்புக்குக் கீழ பனங்குத்தி வச்சுத்தான் ஜாக் அடிச்சவர். சம்புக்கு ஒண்டும் நடக்கேல்லை. 2020இல இலங்கையில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு கனபேர் பழைய கார்களைத் திருத்தித்தான் ஓடினவை. எல்லாரிட்டயும் செயின் பிளாக் இருந்ததோ?

ஞாயிறு_கராஜ்:
யாழ்ப்பாணத்து நண்பருக்கு நன்றி. கேட்டுக்குங்க ஸ்பேனர் சார்.

பழைய_ஸ்பேனர்:
ஏ40 பின்சக்கரத்தால் ஓடுகிற வண்டி, இன்ஜின் நீளவாக்கில் கிடக்கிறது. 800-இல் இன்ஜின் குறுக்கே கிடக்கிறது, முன்சக்கரத்துக்கான கியர் பாக்ஸும் அதோடு ஒட்டியே தொங்குகிறது. கிளட்சை விட்டதும் மொத்தமும் முன்னும் பின்னும் புரளப் பார்க்கும். மவுண்டிங் வாங்கும் அடியே வேறு. பழைய கதைகளை இங்கே சாட்சியாகக் கொண்டுவர வேண்டாம்.

யாழ்_ஏ40:
கதை எண்டு சொல்லாதேங்கோ. கார் இப்பவும் முத்தத்தில நிக்குது. எஞ்சின் எந்தப் பக்கம் பாத்துக் கிடந்தாலும் சம்ப் சம்ப்தானே?

ஜென்_பிரியன்:
800 ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) ஆடாமல் இருந்தால்தான் அதிசயம். மூன்று சிலிண்டரை வாங்கிவிட்டு மவுண்டிங்கைக் குறை சொல்கிறார்கள். நான்கு சிலிண்டர் மாருதி ஜென் எடுத்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

மூணு_சிலிண்டர்:
ஜென்காரர் வந்துவிட்டார். 900 ஆர்.பி.எம். ஐடிலில் மூன்று சிலிண்டர் வினாடிக்கு 22.5 தடவை எரிக்கும், நான்கு சிலிண்டர் 30 தடவை. அடிக்கு அடி இடைவெளி கூடுவதால் உடம்பில் உறைக்கிறது. கூடவே முனைக்கு முனை ஏறி இறங்கும் ஆட்டமும் மூன்று சிலிண்டருக்கு உண்டு. ஆனால் நல்ல மவுண்டிங் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். என் 796 சி.சி.யின் டேஷ்போர்டில் வைத்த தண்ணீர் பாட்டில் அசையாது. வேண்டுமானால் வந்து பாருங்கள்.

ஜென்_பிரியன்:
பாட்டில் காலியாக இருந்திருக்கும்.

பழைய_ஸ்பேனர்:
ஜென், 800 சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்காக முழுவதும் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் அரை மணி நேரக் கதை சொல்ல வேண்டாம்.

ஆட்டமெல்லாம் மவுண்டிங்கால் வருவதில்லை. ஒரு பிளக் எரியாவிட்டாலும் இப்படித்தான் ஆடும். முதலில் பானெட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைப் பாதி விட்டுப் பாருங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று கவனிக்கட்டும், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. இன்ஜின் ஒரு பக்கம் எழும்பி "டக்"கென்று உட்கார்ந்தால் ரப்பர் இரும்புத் தகட்டை விட்டு உரிந்திருக்கிறது. டாப் கவர் கேஸ்கெட்டில் ஆயில் கசிந்து மவுண்டிங் மேல் வடிந்தால் ரப்பர் ஊதிக் கூழாகிவிடும். அந்தக் கசிவை நிறுத்தாமல் புது மவுண்டிங் போடுவது வீண் செலவு.

வேலையின்போது பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங்தான். எல்லாவற்றையும் சேர்த்து அவிழ்த்தால் இன்ஜின் நகர்ந்து போல்ட் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சேராது. தூக்கும்போது ரேடியேட்டர் ஹோஸ், சைலன்சர் பைப், கிளட்ச் கேபிள் இழுபடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். வண்டிக்கு அடியில் போவதானால் ஸ்டாண்டு கட்டாயம், ஜாக்கியை மட்டும் நம்பி உயிரைக் கொடுக்காதீர்கள். போல்ட்டுகளை முதலில் கையால் ஏற்றி, பாரத்தை இறக்கி, இன்ஜினை ஆட்டி உட்காரவைத்த பிறகுதான் இறுக்க வேண்டும். முட்டு நிற்கும்போதே இறுக்கினால் புது ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

இவ்வளவுக்கும் சம்பைத் தொடவே தேவையில்லை.

ஞாயிறு_கராஜ்:
இவ்வளவு எழுதினதுல பாதி நான் போன மாசமே சொன்னது. நான் கேட்டதுக்குத்தான் பதில் இல்லை. அகலமான கட்டை, ஒரு நூல் தூக்கல். சம்ப் எப்படி ஒடுங்கும்?

டார்க்_ரெஞ்ச்:
எந்தப் பக்க மவுண்டிங் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

புது_வண்டி:
15 வருடம் தாண்டிய வண்டிக்கு எதற்கு மவுண்டிங்? ஸ்கிராப்புக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். புகையாவது குறையும்.

மூணு_சிலிண்டர்:
யார் காசில்? 2022 ஏப்ரலில் ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணத்தை 600-இலிருந்து 5,000 ரூபாயாக ஏற்றினார்கள். அதையும் கட்டி, எஃப்.சி. காட்டித்தான் ஓட்டுகிறோம். இ.எம்.ஐ.யில் வாங்கினவர்கள் எங்களுக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

புது_வண்டி:
உண்மையைச் சொன்னால் கோபம் வருகிறது.

காளவாசல்_காரன்:
சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் பாலியூரிதேன் மவுண்டிங் போடச் சொல்கிறார்கள். ரப்பரை விட உழைக்குமாமே அண்ணே?

பழைய_ஸ்பேனர்:
உழைக்கும், ஆனால் ரப்பரை விடக் கெட்டி. இன்ஜின் அதிர்வை அப்படியே பாடிக்குள் அனுப்பும். ரேஸ் ஓட்டுகிறவனுக்குச் சரி, மூன்று சிலிண்டர் 800-க்குப் போட்டால் கண்ணாடிகூட நடுங்கும். கம்பெனி மவுண்டிங்கே வாங்குங்கள். மாற்றும்போது சம்புக்கு அடியில் மட்டும் ஜாக்கி வேண்டாம்.

ஞாயிறு_கராஜ்:
எந்தக் கேள்வி கேட்டாலும் சம்புல கொண்டுபோய் முடிக்கிறார். காளவாசல் நண்பரே, தாராளமா கட்டை வெச்சுத் தூக்குங்க. எதுவும் ஆகாது.

பழைய_ஸ்பேனர்:
அப்படி ஆகிவிட்டால் பேரிங் செலவை நீங்கள் கொடுப்பீர்களா? அதை மட்டும் இங்கே எழுதிவிட்டுப் போங்கள்.

ஞாயிறு_கராஜ்:
பெல் ஹவுசிங் விரிசல் விட்டா நீங்க கொடுப்பீங்களா?

யாழ்_ஏ40:
முத்தத்தில நிக்கிற காரைப் படம் பிடிச்சுப் போடுறன். சம்பையும் சேத்துத்தான். அதுக்குப் பிறகு கதை எண்டு சொல்லுங்கோ பாப்பம்.