எல்சா பாரேன்: ஒரு மணி நேர அமர்வில் எதையெல்லாம் போடலாம்?

ராகமாலை77:
எங்கள் இசை வட்டத்தில் 'அரசியலும் மேற்கத்திய செவ்வியல் இசையும்' என்று ஓர் அமர்வு. சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் எல்லாம் பேசித் தீர்த்தாயிற்று. இந்த முறை பிரான்ஸ். பிரெஞ்சு இசையமைப்பாளர் எல்சா பாரேன் (1910–1999) பெயர் அடிபடுகிறது. எந்தப் படைப்பில் தொடங்குவது? அவருடைய அரசியல் இசையிலேயே கேட்குமா, இல்லை வாழ்க்கைக் குறிப்போடு சரியா? ஸ்கோர் (அச்சிட்ட இசைக்குறிப்பு) இலவசமாகக் கிடைக்குமா?

மந்திரஸ்தாயி:
இரண்டாம் சிம்ஃபொனியில் தொடங்குங்கள். 'வோய்னா' என்று துணைத்தலைப்பு. ரஷ்ய மொழியில் போர். மூன்று பகுதிகள், சுமார் 17 நிமிடம். இதைப் 'போர்க்கால இசை' என்று அறிமுகம் செய்துவிடாதீர்கள், பலரும் சறுக்கும் இடம் அது. எழுதியது 1938இல், போர் வெடிப்பதற்கு முந்தைய வருடம். செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தம் நடந்ததும், அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். நடுப்பகுதி சவ ஊர்வல இசை. நேரம் போதாவிட்டாலும் அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

கோஷம் போடுகிற இசை அல்ல இது. இசையமைப்பாளர் பால் துக்காவின் மாணவி, இளம் இசையமைப்பாளர்களுக்கான பிரான்சின் பெரிய விருதான ரோம் பரிசை 19 வயதில் வாங்கியவர். கோபம் வந்தாலும் கட்டுக்கோப்பு குலையாது. ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இலேயே 'போக்ரோம்' (யூதர்கள் மீதான கும்பல் வன்முறை) என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பை எழுதிவிட்டார். பாரேனின் அப்பா யூதர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இலவச ஸ்கோருக்கு வழியில்லை. மறைந்தது 1999இல். பிரான்சில் 70 ஆண்டுக் கணக்குப்படி 2069 முடியும்வரை காப்புரிமை உண்டு. நம் நாட்டில் 60 ஆண்டு, அதாவது 2059 முடியும்வரை.

தந்திவாத்தியம்:
ஒரு எச்சரிக்கை. பாரேன், இசை நடத்துநர் ரொஜே தெசோர்மியேர், இசையமைப்பாளர் லூயி துரே மூவரும் 1941இல் தொடங்கியது இசைக் கலைஞர்களின் 'ஃப்ரோன் நாசியொனால்' (தேசிய முன்னணி). இது ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் தொடங்கிய இயக்கத்தின் கிளை. 1972இல் லெ பென் தொடங்கிய தீவிர வலதுசாரிக் கட்சிக்கும் 2018வரை இதே பெயர்தான் இருந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஸ்லைடில் ஆண்டைப் போடாவிட்டால் கேள்வி நேரம் முழுக்க இதிலேயே போய்விடும்.

ரகசியமாகப் பத்திரிகை அச்சடித்தார்கள், தடைசெய்யப்பட்ட இசைக்கு இடம் தேடினார்கள். 1944இல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ தேடியபோது பாரேன் காத்ரீன் பொன்னார் என்ற பெயரில் தலைமறைவானார். போருக்குப் பின் சில ஆண்டுகளில் கட்சியிலிருந்து விலகினார். துரே அப்படியில்லை, கடைசிவரை கட்சிக்காரர். கம்யூனிஸ்ட் நாளிதழ் 'லுமானித்தே'யில் இசை விமர்சனம் எழுதினார், ஹோ சி மின் கவிதைகளுக்கும் இசையமைத்தார்.

அந்தக் காலத் தந்திரம் ஒன்றையும் சொல்லலாம். யூத இசையமைப்பாளர் தாரியுஸ் மியோவின் 'ஸ்காராமூஷ்' ஆக்கிரமிப்புக் காலப் பாரிஸில் 'மூஸ்-அரெஷாக்' என்ற பெயரில் வாசிக்கப்பட்டது. இயற்றியவர் 'ஹமித்-அல்-உசூரித்'! தலைப்பு, பெயர் இரண்டிலும் பிரெஞ்சு எழுத்துகளைக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள், ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மெய்ப்பண்:
முதல் பதிலோடு பாதிதான் உடன்படுவேன். வார்த்தையே இல்லாத சிம்ஃபொனியை மட்டும் போட்டால், தலைப்பை வைத்துத்தான் சபை அரசியலை ஊகிக்கும். பிரெஞ்சுக் கவிஞர் எலுவாரின் 'அவி' (அறிவிப்பு) கவிதைக்கு பாரேன் 1944இல் கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும் எழுதினார். நாஜிகள் சுட்டுக் கொன்ற ஜார்ஜ் துதாக்கின் நினைவுக்கு. நல்ல ஒலிப்பதிவு கிடைத்தால் அதுவே போதும்.

கிடைக்காவிட்டால் பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்க்கின் 'ஃபிகூர் உமேன்' (1943). அவரும் அதே முன்னணியில் இருந்தவர், கவிதையும் எலுவாருடையதே. வாத்தியம் கிடையாது; இரண்டு கோரஸ், ஒவ்வொன்றிலும் ஆறு குரல். ஆக்கிரமிப்புக் கால பிரான்சில் பாட வழியில்லை; முதல் அரங்கேற்றம் 1945 மார்ச்சில் லண்டனில், அதுவும் ஆங்கிலத்தில். முழுதும் சுமார் 20 நிமிடம். 'வோய்னா' 17, 'ஸ்காராமூஷ்' 10. பேச உங்களுக்கு 13 நிமிடம் மிஞ்சும், சிக்கனமாகப் பேசுங்கள்.

'ஃபிகூர் உமேன்' படைப்பின் கடைசி, எட்டாவது பகுதிக்கு மொழிபெயர்ப்பை அச்சிட்டுக் கொடுங்கள், ஆனால் அதன் தலைப்பைப் போடாதீர்கள். நோட்டுப் புத்தகத்தில், மேசையில், மணலில், பனியில் 'உன் பெயரை எழுதுகிறேன்' என்று அடுக்கிக்கொண்டே போகிற கவிதை அது. யாருடைய பெயர் என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். தலைப்பும் அதே சொல்தான்.