மாதம் 15,000 ரூபாய் வாங்கும் எலெக்ட்ரீஷியனுக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா?

கேள்வி:
கோவையில் சிறிய வார்ப்படத் தொழிற்கூடம் ஒன்றைப் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக நடத்திவருகிறோம். சம்பளப் பட்டியலில் இல்லாத எலெக்ட்ரீஷியன் ஒருவர், ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் மோட்டார், பேனல் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டு மாதந்தோறும் 15,000 ரூபாய்க்குப் பில் தருகிறார். எந்தப் பில்லும் 30,000 ரூபாயைத் தாண்டாததால் 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நாங்கள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) எதுவும் பிடிக்கவில்லை. அக்டோபர் பில்லைப் பார்த்த கணக்காளர், இனி பிடித்தே ஆக வேண்டும் என்கிறார். அது சரியா? பான் எண்ணைக் கேட்டால் எலெக்ட்ரீஷியன் நாளைக் கடத்துகிறார்.

பதில்:
கணக்காளர் சொல்வது சரிதான். 1961 வருமான வரிச் சட்டத்தில் ஒப்பந்த வேலைகளுக்கான 194சி பிரிவில் ஒரு பில்லுக்கு 30,000 என்ற வரம்போடு, நிதியாண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரு லட்சம் என்ற வரம்பும் உண்டு. செப்டம்பர் வரை 90,000 ஆக இருந்த உங்கள் கணக்கு அக்டோபர் பில்லோடு 1,05,000 ஆகிவிடுகிறது. தாண்டிய 5,000-க்கு மட்டும் பிடித்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியன்று, 1,05,000 முழுத்தொகைக்கும் பிடிக்க வேண்டும். தனிநபருக்கு 1 சதவீதம் என்பதால் 1,050 ரூபாயைக் கழித்து 13,950 ரூபாய் கொடுங்கள். நவம்பர் 7-க்குள் சலான் கட்டி, ஜனவரி 31-க்குள் 26கியூ என்ற காலாண்டு டிடிஎஸ் அறிக்கையைத் தாக்கல் செய்து, பிப்ரவரி 15-க்குள் வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழை அவருக்குத் தர வேண்டும்.

இன்னொரு பதில்:
எனக்குப் பெரிதாகப் படுவது பான் விஷயம்தான். பான் இல்லையென்றால் 20 சதவீதம், அதாவது 21,000 ரூபாய். அவருடைய அக்டோபர் பில்லே 15,000 தான்! பணத்தை நிறுத்திவைத்தாலும் பயனில்லை, ஏனெனில் பில்லைக் கணக்கில் வரவு வைத்த அன்றே பிடிக்கும் கடமை வந்துவிடுகிறது. அட்டையின் நகலை வாங்கியதும் வருமான வரித் துறையின் டிடிஎஸ் தளமான ட்ரேசஸில் எண்ணையும் பெயரையும் சரிபாருங்கள். எங்கள் அலுவலகத்தில் ‘பி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’ என்று பதிந்துவிட்டு, அந்த ஓர் எழுத்துக்காகத் திருத்த அறிக்கை தாக்கல் செய்தோம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அந்த 21,000 கணக்கைச் சொன்னதும், மாலையிலேயே பான் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பிடித்த 1,050 ரூபாய் அவருக்குத் திரும்பக் கிடைக்குமா என்று கேட்கிறார்.

பதில்:
அது அவர் பெயரில், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் ஏறிவிடும். அவர் கட்ட வேண்டிய வரி ஏதும் இல்லையென்றால், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து ரீஃபண்ட் பெறலாம். தாக்கல் செய்யாமல் தானாக வராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.