ஐந்தடி ஆளுக்கு 170 கிராங்க்: இது யார் போட்ட கணக்கு?

கோத்தகிரி_குளிர்:
நேற்று இங்கே ஒருவர் சைக்கிள் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) பற்றி "கிராங்க் குட்டையானால் மலை ஏறாது, ஐந்தடி ஆளும் 170 மில்லிதான் போடணும்" என்று எழுதியிருந்தார். நான் ஐந்தடி. நாலு வருஷம் 170 வைத்து, முழங்கால் வயிற்றில் இடிக்க இடிக்க மிதித்தவள். 155 மாற்றிய பிறகுதான் குஞ்சப்பனையிலிருந்து நிற்காமல் வீடு வருகிறேன். திருப்பத்தில் ஷூ நுனி முன்சக்கரத்தில் உரசுவதும் நின்றது. எழுதியவர் எத்தனை அடி?

கல்லட்டி36:
எழுதியது நான்தான். ஐந்தடி ஒன்பது. அதனால் என்ன? நெம்புகோலுக்கு ஆள் உயரம் தெரியாது. 170ஐ 155 ஆக்கினால் நெம்புகோல் நீளத்தில் கிட்டத்தட்ட 9 சதவீதம் போச்சு.

குன்னூர்_சக்கரம்:
போனதைப் பின்சக்கரத்துப் பற்சக்கரத்தில் எடுத்துக்கொள்ளலாமே. 32 பல் இருந்த இடத்தில் 36 போட்டால் போனதற்கு மேலேயே வரும். 2001இல் மார்ட்டின், ஸ்பிர்டுசோ என்ற ஆய்வாளர்கள் 120 முதல் 220 மில்லி வரை ஐந்து நீளம் வைத்துப் பார்த்தார்கள். 145க்கும் 170க்கும் உச்ச சக்தியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை.

கல்லட்டி36:
அது சில நொடி மிதி அண்ணே. 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டி மலைப்பாதை சில நொடியா? பல் வேறு, நெம்புகோல் வேறு. 9 சதவீதம்.

லவ்டேல்_பனி:
டூர் டி பிரான்ஸ் வென்ற 176 செ.மீ. உயர பொகாச்சாரே 165க்கு இறங்கிவிட்டார்.

கல்லட்டி36:
அவர் வந்து 36 வளைவும் ஏறட்டும், அப்புறம் பேசலாம்.

லவ்டேல்_பனி:
நீங்கள் ஏறினீர்களா? மசினகுடிக்கு இறங்கியதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். திரும்பி வந்தது பிக்கப் வண்டியில்.

கல்லட்டி36:
அன்று செயின் அறுந்தது. வேண்டுமென்றே மறைக்கிறீர்கள்.

அரவங்காடு_புதுசு:
சந்தேகம் ஒன்று. என் கிராங்கை டேப் வைத்து அளந்தேன், 195 வருகிறது. பெரிய சைஸா?

குன்னூர்_சக்கரம்:
நுனிக்கு நுனி அளந்திருப்பீர்கள் தம்பி. அச்சு மையத்திலிருந்து பெடல் துளையின் மையம் வரைதான் கணக்கு. கிராங்க் கையின் உள்பக்கம் எண் அடித்திருக்கும், துடைத்துப் பாருங்கள்.

கல்லட்டி36:
எப்படி அளந்தாலும் 9 சதவீதம் 9 சதவீதம்தான்.

கோத்தகிரி_குளிர்:
முழங்கால் என்னுடையது, சதவீதம் உங்களுடையதா? 155 போட்டதும் சீட்டை 15 மில்லி ஏற்றினேன், ஹேண்டில் தாழ்ந்த மாதிரி ஆனது. இரண்டு வாரம் தோள் வலி. அதைக் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் கேட்கவே இல்லை.

கல்லட்டி36:
பார்த்தீர்களா, வலி வந்திருக்கிறது! நான் சொன்னதுதான் அக்கா.

குன்னூர்_சக்கரம்:
அவர் சொன்னது தோளை. போகட்டும், கல்லட்டி, போன பொங்கலுக்கு நீங்கள் இரவல் வாங்கிய என் கிராங்க் புல்லர் (கிராங்க் கழற்றும் கருவி) எங்கே?

கல்லட்டி36:
மரை தேய்ந்ததைக் கொடுத்துவிட்டுத் திருப்பி வேறு கேட்கிறீர்களா?

குன்னூர்_சக்கரம்:
தேய்த்தது யார்? ஞாயிறு காலை ஊட்டி சேரிங் கிராஸ் டீக்கடைக்குக் கொண்டுவாருங்கள்.

லவ்டேல்_பனி:
பிக்கப் வண்டியிலா?

கல்லட்டி36:
மழை இல்லையென்றால் வருகிறேன். 170லேயே வருகிறேன். 9 சதவீதம்.