காம்ப்ளிமென்ட் சிஸ்டத்துல ஒரு டவுட், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க
வணக்கம் மக்களே, இம்யூனாலஜி படிச்சிட்டிருக்கேன், ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். காம்ப்ளிமென்ட்ங்கிறது கிருமியை அழிக்க உதவுற ரத்தப் புரதக் கூட்டம், சி1, சி3ன்னு எல்லாம் அதுங்களோட பேரு. ஆன்டிபாடி பாக்டீரியா மேல ஒட்டினதும் சி1 வந்து அதைப் பிடிச்சு காம்ப்ளிமென்ட்டை கிளப்பி விடுதுங்கிறது புரியுது. ஐஜிஎம் வகை ஆன்டிபாடி ஒன்னே ஒன்னு ஒட்டினா போதும், ஆனா ஐஜிஜி வகைன்னா பக்கத்துல பக்கத்துல பல மூலக்கூறு ஒட்டணும், ஏன்னா சி1ல ஒரு பகுதியான சி1க்யூவோட 6 தலைல ஒன்னுக்கு மேல பிடி கிடைச்சாதான் வேலையே ஆரம்பிக்கும், எவ்ளோ அருமையான ஏற்பாடு பாருங்க! அப்புறம் சி3 உடைஞ்சு சி3பி பாக்டீரியா மேல அப்பிக்குது, அதை வச்சு நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு முழுங்குது, கடைசில சி5பி, சி6, சி7, சி8, சி9 எல்லாம் சேர்ந்து பாக்டீரியாவோட சவ்வுல ஓட்டை போடுது.

இப்ப கேள்வி என்னன்னா, சி3 இல்லாதவங்களுக்கு நிமோகாக்கஸ் (நிமோனியா கிருமி) மாதிரி பல கிருமி தாக்குது, ஆனா ஓட்டை போடுற அந்தக் கடைசி பகுதி மட்டும் இல்லாதவங்களுக்கு ஏன் குறிப்பா மெனிஞ்சோகாக்கஸ் (மூளைக்காய்ச்சல் கிருமி) திரும்பத் திரும்ப வருது? கிராம் பாசிட்டிவ் கிருமிக்கு செல்சுவர் தடிமன், அதுல ஓட்டை விழாது, சரி. ஆனா மெனிஞ்சோகாக்கஸ் மாதிரியே ஈ.கோலையும் கிராம் நெகட்டிவ், அதாவது மெல்லிய செல்சுவர்தானே, அது ஏன் இவங்களை அந்த அளவுக்கு படுத்தலை? மைக்ரோபயாலஜி ஆளுங்க யாராவது விளக்குங்க ப்ளீஸ், ஒரு படம் வரைஞ்சு போட்டா கூட போதும்.