இடிஎம் (மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் மெஷின்) மாடலில் உலோக நீக்கம் 20 மடங்குக்கு மேல் வருகிறது, எங்கே தவறு?

காட்பாடி மாணவன்:
எம்.இ. புராஜெக்டுக்கு ஸ்பார்க் மெஷினின் ஒற்றைப் பொறியை மாடல் செய்கிறேன். ஓஹெச்என்எஸ் (எண்ணெயில் கடினமாக்கும் டூல் எஃகு) எஃகு நெகட்டிவ், செம்பு டூல் பாசிட்டிவ். 80 வோல்ட், 10 ஆம்பியர், பொறி ஆன் 100, ஆஃப் 100 மைக்ரோ வினாடி. பொறி ஆற்றலில் 50 சதவீதம் எஃகுக்குள் போவதாக எடுத்தேன். மாடலில் உருகிய எலிமென்ட் (கணக்குக்காகப் பிரித்த சிறு துண்டு) எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். நிமிடத்துக்கு 400 கன மி.மீ. வருகிறது. ராணிப்பேட்டையில் ஒரு டூல்ரூமில் ஓட்டி, முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தால் 18தான்! மே மாதம் என்று ஆரம்ப வெப்பநிலை 40 டிகிரி கொடுத்தேன், அதனாலா?

பாலாற்றங்கரை:
1,400 டிகிரிக்கு மேல் உருகுகிற எஃகிடம் வேலூர் வெயிலின் பாச்சா பலிக்காது தம்பி. 80 வோல்ட் என்பது பொறி விழுவதற்கு முன் இருப்பது. விழுந்ததும் 25 பக்கம் இறங்கிவிடும். பேனல் மீட்டர் சராசரியைத்தான் காட்டும், ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். 50 சதவீதமும் அதிகம். 1989இல் இடிஎம் ஆய்வாளர் டிபிடோன்டோவின் குழு கேதோடுக்கு (நெகட்டிவ் முனைக்கு) 18 சதவீதம்தான் என்றது. உங்கள் எஃகு கேதோடுதானே?

மாடலைத் தொடும் முன் கையால் ஒரு கணக்கு. ஒரு கன மி.மீ. எஃகை உருக்க ஏறத்தாழ 10 ஜூல் வேண்டும். 25 × 10 × 100 மைக்ரோ வினாடி என்றால் 25 மில்லி ஜூல். அதில் 18 சதவீதம் 4.5 மில்லி ஜூல். ஒரு பொறிக்கு 0.00045 கன மி.மீ., நிமிடத்துக்கு 3 லட்சம் பொறி, ஆக 135. துளி வெப்பம்கூட வீணாகாவிட்டால்தான் அது. உங்கள் 400 எப்படி வரும்?

காட்பாடி மாணவன்:
மாற்றினேன் அண்ணா, 41 வருகிறது. பிளாஸ்மா (பொறித் தூண்) ஆரம் 2.04 × 10⁻³ × I^0.43 × t^0.44 சூத்திரத்தில்தான் சந்தேகம், I மின்னோட்டம், t ஆன் நேரம். மைக்ரான் என்று படித்த நினைவு, ஆனால் மதிப்பு ஒட்டவில்லை.

பாலாற்றங்கரை:
நேரத்தை வினாடியில் போடுங்கள், விடை மீட்டரில் வரும். உங்களுக்கு 95 மைக்ரான் பக்கம்.

ஸ்பார்க் மெஷின்காரன்:
மிச்சத்துக்கு நான் சொல்கிறேன். ஷூ சோல் மோல்டு ஓட்டுகிறவன். உருகியதெல்லாம் வெளியே போகாது தம்பி, பாதிக்கு மேல் அங்கேயே உறைந்துவிடும். ஜாபைக் குறுக்கே வெட்டி, பாலிஷ் போட்டு, நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) முக்கி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், ஓரத்தில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும், அப்படி உறைந்ததுதான் அது. அப்புறம் ஃப்ளஷிங் (எண்ணெய் பாய்ச்சிக் கழுவுவது) சரியில்லை என்றால் இடைவெளியில் கரி சேர்ந்து பாதிப் பொறி வீண்.

காட்பாடி மாணவன்:
வெட்டிப் பார்த்தேன். பட்டை இருக்கிறது அண்ணா, இடத்துக்கு இடம் தடிமன் மாறுகிறது. சராசரி எடுக்க எத்தனை இடத்தில் அளக்கலாம்?